ஆமை புகுந்த பள்ளிக்கூடம்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மாலை, பள்ளி வேன் நிற்கும் இடத்தில் ஒரு தந்தையார் என்னைப் பிடித்துக்கொண்டார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். வேலை முடிந்த அலுப்போடு வந்திருந்தார்.

"டீச்சர், ஒன்னு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமை பிள்ளைங்கள வரச் சொல்லி கம்ப்யூட்டர்ல பூனை ஓட்டச் சொல்றீங்களாமே? மவன் வீட்டுக்கு வந்து பூனை குதிச்சிச்சு, பூனை பாடிச்சுன்னு சொல்றான். யூ.பி.எஸ்.ஆர். சோதனையையும் எடுத்துட்டாங்க. இப்ப விளையாட்டும் சேர்ந்துகிட்டா புள்ள எப்படி டீச்சர் படிப்பான்?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மகன் தன்னைப்போல் வெயிலில் அரிவாள் தூக்கக்கூடாது என்று நினைக்கிற தகப்பன் கேட்கவேண்டிய கேள்வி அது. ஆனால் வேன் புறப்படுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. "அண்ணே, மலர்ல எழுதுறேன், படிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லாருக்கும்தான்.

ஆமை எங்கிருந்து வந்தது?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பழமொழி பழமொழியாகவே இருக்கட்டும். ஆமை புகுந்ததால் உருப்பட்ட பள்ளிக்கூடங்களின் கதையை நான் சொல்லப் போகிறேன். உங்கள் பிள்ளைகள் சொல்கிற பூனைக்குத் தாத்தா அந்த ஆமைதான்.

தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா நகரில் 1928-ஆம் ஆண்டு சீமோர் பேப்பர்ட் என்பவர் பிறந்தார். நடை பழகும் வயதிலேயே அவருக்கு மோட்டார் வண்டியின் பல்சக்கரங்கள் மேல் அப்படி ஓர் ஆசை. ஒரு சக்கரம் சுற்றினால் இன்னொன்று எந்தப் பக்கம் சுற்றும், எத்தனை தடவை சுற்றும் என்று மனத்துக்குள்ளேயே சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பின்னாளில் பள்ளியில் வாய்ப்பாடு வந்தபோதும், சமன்பாடு வந்தபோதும், அவற்றைப் பல்சக்கரமாக நினைத்துப் பார்த்தே புரிந்துகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, ஆசைப்பட்ட ஒரு பொருள் இருந்தால் கணக்கு தானாக உள்ளே வரும் என்பது அவர் தம் சொந்த வாழ்க்கையில் கண்ட உண்மை.

இளமையில் தம் நாட்டின் நிறவெறியை எதிர்த்தவர் அவர். பிறகு கணிதத்தில் இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றார். 1958 முதல் 1963 வரை ஜெனிவா நகரில் ஜீன் பியாஜேயுடன் பணியாற்றினார். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் பியாஜே என்ற பெயர் தெரியும். சோதனைக்காக நாங்கள் மனப்பாடம் செய்த பெயர்! குழந்தை காலிப் பாத்திரம் அன்று, தன் அறிவைத் தானே கட்டிக்கொள்ளும் சின்னக் கொத்தனார் என்பதுதான் பியாஜே கண்டதன் சாரம். பேப்பர்ட் அதனோடு ஒன்றைச் சேர்த்தார். கொத்தனாருக்குச் செங்கல் வேண்டாமா? நல்ல செங்கல் எது? கணினியே அந்தச் செங்கல் என்றார் அவர்.

அவர் அப்படிச் சொன்ன காலத்தை நினைத்துப் பாருங்கள். கணினி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். இராணுவமும் பெரிய கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் வைத்திருந்த பொருள். அதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கவேண்டும் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

ஆனாலும் 1967-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன், டேனியல் பாப்ரோ ஆகியோரும் பேப்பர்ட்டும் சேர்ந்து பிள்ளைகளுக்கென்றே ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். அதற்கு 'லோகோ' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் 'லோகோஸ்' என்றால் சொல். தொலைவில் இருந்த கணினியோடு இணைத்த தட்டச்சுக் கருவியின் முன் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். முதலில் படம் கிடையாது. சொற்களை அடுக்கி வாக்கியம் செய்வதும் சொல் விளையாட்டுமாகத்தான் இருந்தது.

1970-ஐ ஒட்டி ஆமை வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்ட்டர் என்ற மூளை ஆய்வாளர் 1940-ஆம் ஆண்டுகளின் கடைசியில் ஓடு கவிழ்த்த இரண்டு சிறு இயந்திரங்களைச் செய்து அவற்றை ஆமை என்று அழைத்திருந்தார். அந்தப் பெயரையே லோகோக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். சக்கரம் வைத்த ஒரு சிறு பொறி, அதன் வயிற்றில் ஒரு பேனா. தரையில் தாளை விரித்து, "முன்னே 100" என்று பிள்ளை தட்டினால் ஆமை 100 அலகு முன்னே போகும். "வலம் 90" என்றால் அந்தப் பக்கம் திரும்பும். போகிற வழியெல்லாம் கோடு விழும். பின்னர் இதே ஆமை திரைக்குள்ளும் புகுந்துகொண்டது.

நம் திடலில் நடந்த ஆமை

இது எப்படிப் பாடமாகும்? நம் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன்.

நம் கணினி அறையில் ஒழுங்காக வேலை செய்கிற கணினி 9. சனிக்கிழமை வருகிற பிள்ளைகள் 22. அதனால் முதல் பாடத்தைத் திடலில் வைத்தேன். ஒரு மாணவன் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிவிட்டோம். அவன்தான் ஆமை. மற்றவர்கள் கட்டளை சொல்லவேண்டும். "முன்னே 10 அடி. வலப்பக்கம் 90 பாகை." இதை நான்கு முறை சொன்னதும் ஆமை சதுரம் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. ஒரே கைத்தட்டல்.

"சரி, இப்போது சமபக்க முக்கோணம்" என்றேன். மூன்று கோணமும் 60 பாகை என்று வகுப்பில் படித்தவர்கள்தானே! உடனே, "முன்னே 10 அடி, வலம் 60" என்றார்கள். மூன்று முறை சொன்னார்கள். ஆமை புறப்பட்ட இடத்துக்கு வரவே இல்லை. 20 அடி தள்ளி, பூப்பந்துத் திடலின் ஓரத்தில் போய் நின்றது. ஆமையைத் திட்டினார்கள். ஆமை, "நீங்க சொன்னதத்தான்டா செஞ்சேன்" என்று சத்தம் போட்டது.

சிவப்பு மை எடுத்துத் தப்பு போட எனக்கும் கை துறுதுறுத்தது. அதற்குள் ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், விடுங்க. இன்னும் போவட்டும், எங்க போவுதுன்னு பாப்போம்" என்றாள். மறுபடியும் முன்னே 10, வலம் 60. மறுபடியும். ஆறாவது முறை ஆமை புறப்பட்ட இடத்தில் வந்து நின்றது! முக்கோணம் கேட்டோம், தேன்கூட்டு அறை கிடைத்தது.

பிறகு அவர்களே மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்தார்கள். கோட்டுக்குள் இருக்கும் கோணம் வேறு, நடந்து போகிறவன் திரும்பவேண்டிய கோணம் வேறு. எந்த வடிவமானாலும், ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட இடத்தில் புறப்பட்ட திசையையே பார்த்து நின்றால், நாம் மொத்தம் 360 பாகை திரும்பியிருக்கிறோம். 360-ஐ நான்கால் வகுத்தால் 90. ஆறால் வகுத்தால் 60. அப்படியானால் முக்கோணத்துக்கு? "நூத்திருவது!" என்று ஐந்தாறு குரல் ஒன்றாக வந்தது. கரும்பலகையில் நான் எழுதிப் போட்டிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள். காலால் நடந்து கண்டுபிடித்ததை இனி மறக்கமாட்டார்கள். பேப்பர்ட் சொன்னதும் இதுதான்: தன் உடம்பை ஆமையின் இடத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு வடிவியல் அந்நியப் பாடமாக இருக்காது.

நிரையும் நிரலும்

ஆனால் ஒரு தடை இருந்தது. லோகோவில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத சின்னப் பிள்ளை என்ன செய்யும்?

1970-ஆம் ஆண்டுகளின் நடுவில் எம்.ஐ.டி. என்னும் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன் இதற்கு ஒரு வழி கண்டார். பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு பெட்டி செய்தார். வண்ணம் பூசிய வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் துளைகள். முன்னே போ, திரும்பு என்று படம் போட்ட பிளாஸ்டிக் அட்டைகளைப் பிள்ளை துளைகளில் வரிசையாகச் செருகும். ஓரத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஆமை ஒவ்வோர் அட்டையாக நிறைவேற்றிக்கொண்டே போகும். எழுதாமல், கையால் அடுக்கியே கணினிக்குக் கட்டளை போடும் வழி அங்கே பிறந்தது. பின்னாளில் இணையத்தின் அடித்தளமான வலையமைப்புத் துறையில் பெரும்பெயர் பெற்ற அறிஞரும் இதே அம்மையார்தான்.

தோட்டத்துப் பெற்றோர்களே, இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். கணினிக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுப்பதைத் தமிழில் 'நிரல்' என்கிறோம். ரப்பர் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுத்த மர வரிசையை நம் தாத்தா பாட்டிமார் என்னவென்று சொன்னார்கள்? 'நெரை' என்றார்கள். எழுத்தில் நிரை. நிரை, நிரல் இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள், வரிசை என்ற பொருள் கொண்டவை. நிரை பிடித்த குடும்பத்துப் பிள்ளைக்கு நிரல் புதிதா என்ன?

இதைப் பெற்றோர் சந்திப்பு நாளில் விளக்கிக் காட்டினேன். பலகையில் எழுதினேன்: "ஒட்டுப்பாலை எடு. பட்டையைச் சீவு. மங்கை வை. அடுத்த மரத்துக்குப் போ. நிரை முடியும்வரை மீண்டும் செய்." பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி பேத்தியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "டீச்சரு, நீங்க எழுதினது தப்பு" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "மழை பேஞ்சு மரம் ஈரமா இருந்தா வெட்டக்கூடாது. பாலு மங்குல விழுவாது, பட்டையெல்லாம் வழிஞ்சு வீணாப் போவும். அத நீங்க எழுதவே இல்லியே!"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பாட்டி சொன்னதுதான் நிரலாக்கத்தில் 'என்றால்' என்ற கட்டளை. மரம் ஈரம் என்றால் வெட்டாதே, இல்லையென்றால் வெட்டு. அதுமட்டுமா? எழுதிய நிரலைப் படித்து, எங்கே உதைக்கும் என்று கண்டுபிடிக்கிறார்களே, அதற்குப் பெயர் பிழைதிருத்தம். பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி நொடியில் செய்து காட்டிவிட்டார்.

ஆமை சோர்ந்த கதை

1980-இல் பேப்பர்ட் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். மேசைக் கணினி விலை குறைந்து பள்ளிகளுக்குள் வந்துகொண்டிருந்த நேரம். பல நாடுகளில் பள்ளிகள் லோகோவை வாங்கின. இனிப் பிள்ளைகள் எல்லாரும் மேதைகள்தான் என்று பேசினார்கள்.

நடந்தது வேறு. நியூயார்க் நகரின் பேங்க் ஸ்டிரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லன்ட் என்னும் ஆய்வாளர்கள் 1984-ஐ ஒட்டி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். லோகோ படித்தால் மற்ற வேலைகளிலும் திட்டமிடும் திறமை தானாக வளரும் என்று எதிர்பார்த்தது போல் நடக்கவில்லை என்று கண்டார்கள். கணினியை வைத்துவிட்டால் மட்டும் போதாது. பிள்ளை எதற்காக அதைச் செய்கிறது, கூட யார் இருக்கிறார், என்ன கேட்கிறார் என்பதில்தான் காரியம் இருக்கிறது. பல பள்ளிகளில் ஆசிரியர் பலகையில் எழுதியதைப் பிள்ளை அப்படியே தட்டியது. ஆமை ஓடியது, அறிவு ஓடவில்லை.

இதை நான் பிறரைக் குறைசொல்லும் எண்ணத்தில் எழுதவில்லை. நானும் அதையேதான் செய்தேன். முதல் சனிக்கிழமை, நான் செய்து காட்டியதை அப்படியே செய்யச் சொன்னேன். 9 கணினியிலும் 9 பூனைகள் ஒன்றுபோல் நடந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "எல்லாப் பூனையும் ஒரே மாதிரி இருக்கு டீச்சர். இது உங்க பூனை" என்றான். அன்றைக்கு இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கட்டை வந்தது, கட்டளை எளிதானது

ஆமையின் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. பேப்பர்ட்டின் வழியில் வந்தவர் எம்.ஐ.டி.யின் மிட்சல் ரெஸ்னிக். பிள்ளைகள் 'லேகோ' பிளாஸ்டிக் கட்டைகளைக் கையில் எடுத்ததும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பொருத்திப் பார்க்கிறார்கள், பிரிக்கிறார்கள், மறுபடி பொருத்துகிறார்கள். கட்டளைகளையும் இப்படிக் கட்டைகளாகச் செய்தால் என்ன? 1996-இல் அதே இடத்தில் ஆண்ட்ரூ பீகல் என்ற மாணவர் 'லோகோபிளாக்ஸ்' என்ற பெயரில் அதைச் செய்து பார்த்தார். 2003-இல் ரெஸ்னிக் குழுவினர் பெரிய திட்டமாகவே தொடங்கி, 2007 மே மாதத்தில் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்ததுதான் 'ஸ்கிராட்ச்'. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்துப் புதுப்புது ஒலி எழுப்பும் கலைஞர்களின் வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. இருப்பதைச் சேர்த்துப் புதியதைப் படைப்பது என்று பொருள் கொள்ளலாம். உங்கள் மகன் சொல்கிற ஆரஞ்சு நிறப் பூனை இதில்தான் குடியிருக்கிறது.

இதில் தட்டச்சு வேலை மிகக் குறைவு. நகர்வுக் கட்டளைகள் நீலக் கட்டைகள். தொடக்கத்துக்கு மேலே வளைந்த தொப்பி போன்ற மஞ்சள் கட்டை. அதற்கு மேல் வேறு எதையும் ஒட்ட முடியாது, ஏனென்றால் அதுதான் ஆரம்பம். 'மீண்டும் செய்' என்பது வாய் பிளந்த முதலைபோல் இருக்கும். அதன் வாய்க்குள் எதை வைத்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும். பொருந்தாத கட்டை ஒட்டாது. ஆகவே எழுத்துப்பிழை, புள்ளிப்பிழை என்று பிள்ளை அழவேண்டியதில்லை. ஆனால் எண்ணத்தில் உள்ள பிழை அப்படியே இருக்கும், அதை அவர்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும். கட்டைகளில் உள்ள ஆங்கிலச் சொற்களுக்கு நாங்கள் 'நகர்', 'திரும்பு', 'காத்திரு', 'மீண்டும் செய்', 'என்றால்' என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்காக, எழுத்தே இல்லாமல் படம் மட்டும் உள்ள 'ஸ்கிராட்ச் ஜூனியர்' 2014-இல் வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஐந்து வயது முதலே பள்ளியில் நிரலாக்கம் பாடமானது. 2019 சனவரியில் ஸ்கிராட்சின் மூன்றாம் பதிப்பு, தட்டைக் கணினியிலும் ஓடும்படி வந்தது.

'எல்லாம் வெள்ளைக்காரன் சரக்குத்தானே' என்று நினைக்கிறீர்களா? ஒன்று சொல்கிறேன். 1974-இல் சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்னும் அறிஞர்கள் நம் வாசல் கோலத்தை எடுத்து ஆராய்ந்து, அதன் அடுக்குகளுக்குக் கணினி இலக்கணம் எழுதி வெளியிட்டார்கள். பிறகு வெளிநாட்டு ஆய்வாளர்கள், ஆமை நடப்பதுபோலவே நடக்கவைத்துக் கணினியில் கோலம் போட்டார்கள். புள்ளி வை, வளை, திரும்பு, மீண்டும் செய். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் அம்மாமார்களே, நீங்கள் போடுவதும் ஒரு நிரல்தான்! தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத, முத்து அண்ணாமலை என்பவர் 'எழில்' என்ற கணினி மொழியையும் செய்திருக்கிறார். 2009-இல் அதைப் பற்றிய ஆய்வுரை வெளிவந்தது.

பெரட்டும் நாமும்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அந்தத் தந்தையாருக்குச் சொல்ல நினைத்த பதிலும் இங்கேதான் இருக்கிறது.

1816-இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது இந்நாட்டுத் தமிழ்க்கல்வி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று சொன்னது. சட்டத்துக்காக நடந்த பள்ளிகள் எப்படி இருந்தன என்று உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். கொட்டகையில் நடந்தது. சில இடங்களில் கங்காணியும் கிராணியுமே வாத்தியார். பெயர் எழுதத் தெரிந்தால் போதும், பிள்ளை நாளைக்குப் பால்வாளி தூக்கத்தானே போகிறது என்பது அன்றைய எண்ணம்.

விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிடுவார்கள், கட்டளை சொல்வார்கள், நிரை பிரித்துக் கொடுப்பார்கள். மூன்று, நான்கு தலைமுறையாக நம் சனம் கட்டளையைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தது. உழைப்பில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. மழை பெய்தால் வெட்டக்கூடாது என்று தெரிந்த பாட்டிக்கா அறிவில்லை? கட்டளையை எழுதுகிற இடத்தில் மட்டும் அவரை யாரும் உட்கார வைக்கவில்லை.

பேப்பர்ட் தம் நூலில் வற்புறுத்தியதும் இதைத்தான். பெரும்பாலான பள்ளிகளில் கணினி பிள்ளையை ஆட்டி வைக்கிறது. கேள்வி கேட்கிறது, பிள்ளை பதில் தட்டுகிறது. இது தலைகீழாக வேண்டும், பிள்ளை கணினியை ஆட்டி வைக்கவேண்டும் என்றார். இன்றைக்கு நம் வீடுகளைப் பாருங்கள். கைப்பேசி இல்லாத வீடு குறைவு. அது எதைக் காட்டுகிறதோ அதைப் பார்க்கிறோம், எதைத் தட்டச் சொல்கிறதோ அதைத் தட்டுகிறோம். பெரட்டுக்களம் போய்விட்டது என்று நினைக்கிறோம். சட்டைப்பைக்குள் புதுப் பெரட்டு வந்து உட்கார்ந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

2016-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மலேசியத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு நிறைந்தது என்று விழா எடுத்தோம். அதே ஆண்டு சூலை 31-ஆம் நாள் ஆமையைக் கொடுத்த பேப்பர்ட் காலமானார். அடுத்த மாதமே நம் நாட்டில் பிள்ளைகளை மின்னியல் படைப்பாளிகளாக்கும் 'மை டிஜிட்டல் மேக்கர்' இயக்கம் தொடங்கியது. 2017-இல் இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்தில் கணினி அறிவியல் அடிப்படை என்ற பாடம் வந்தது. நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்து அங்கேதான் போகிறார்கள். பட்டணத்துப் பிள்ளை காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரும். நம் பிள்ளை அங்கே போய் முதன்முதலில் பூனையைப் பார்த்து மிரளவேண்டுமா?

தந்தையாருக்குப் பதில்

அண்ணே, நீங்கள் கேட்டீர்கள், இது படிப்பா விளையாட்டா என்று. இரண்டும்தான். எல்லாப் பிள்ளையும் கணினிப் பொறியாளர் ஆகிவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். மொழியும் கணக்கும் வாசிப்பும் இல்லாமல் இது நிற்கவும் நிற்காது. ஆனால் ஒரு பெரிய காரியத்தைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது, வரிசைப்படுத்துவது, தப்பு வந்தால் அழாமல் எங்கே தப்பு என்று தேடுவது, இவை மூன்றும் எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

உங்கள் மகனைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் அவன் பூனையை எடுத்துவிட்டு, ஒரு செம்பனை மரத்தையும் அரிவாளோடு ஓர் ஆளையும் வரைந்தான். அம்புக்குறியை அழுத்தினால் ஆள் நகர்வான். பழுத்த குலையை வெட்டினால் ஒரு புள்ளி கூடும், காயை வெட்டினால் ஒரு புள்ளி குறையும். காய்க்கு ஏன் குறைகிறது என்று கேட்டேன். "காயை வெட்டினா அப்பாவுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க டீச்சர்" என்றான். உங்கள் உழைப்பை அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், அண்ணே. அதை ஒரு நிரலாக எழுதும் அளவுக்குக் கவனித்துப் பார்த்திருக்கிறான். அந்தப் பூனை என்னுடையது. இந்த விளையாட்டு அவனுடையது.

பெற்றோர்களே! பரிசளிப்பு விழா நாளன்று மண்டபத்தின் பின்பக்கத்தில் நம் 9 கணினிகளையும் வைத்திருப்போம். பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் காட்டுவார்கள். "நல்லா இருக்கு" என்று தலையைத் தடவிவிட்டுப் போய்விடாதீர்கள். "இது எப்படிச் செஞ்ச? இங்க ஏன் இப்படி வெச்ச?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. விளக்கிச் சொல்லும்போது பிள்ளைக்கு இன்னும் நன்றாகப் புரியும். தப்பு கண்டால் அந்தப் பாட்டியைப்போல் தயங்காமல் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! பரிசு வாங்கியவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: முக்கோணம் கேட்டு அறுகோணம் கிடைத்த நாளை மறந்துவிடாதீர்கள். இன்னும் மூன்று அடி எடுத்து வைத்தால்தான் எங்கே போய்ச் சேரும் என்று தெரியும்.

ஆமை நம் பள்ளிக்குள் புகுந்துவிட்டது. அது மெதுவாகத்தான் நடக்கும். நடக்கட்டும். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கணினி அறையைத் திறந்து வைத்திருப்பேன். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!